மஸ்டரில் பெயர் சரி, ஆள் வேறு

இது நீளமான பதிவு. குன்னூரில் மூன்று நாளாக மூடுபனி விலகவில்லை, வெளியே நடக்கப் போக முடியவில்லை, அதனால் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. அவசரக்காரர்கள் பிறகு வந்து படிக்கலாம்.

போன வாரம் இ-பாஸ் பற்றி நான் போட்ட பதிவின் கீழே என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், சாஃப்ட்வேர்ல ஓட்டை, அது வழியா உள்ள வந்துட்டாங்கன்னு பேப்பர்ல போடறாங்களே, ஓட்டைன்னா நிஜமாவே என்ன சார்? உள்ள வந்தவன் எங்க உட்கார்ந்திருப்பான்?" நல்ல கேள்வி. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். "எங்கே உட்கார்ந்திருப்பான்" என்று கேட்கிற பையனுக்குப் பாடம் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எஸ்டேட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். காலையில் மஸ்டர் நடக்கும். பெயர் கூப்பிடுவார்கள், செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் இருக்கும், யார் எந்தக் காட்டுக்கு, யார் ஃபேக்டரிக்கு, யார் மருந்தடிக்க என்று பிரித்து அனுப்புவார்கள். வீட்டில் படுத்துக்கிடக்கிற ஆள் வேலைக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் கணக்கில் இல்லை. மஸ்டருக்கு வந்து பெயர் கொடுத்து, காட்டில் இறங்கி நிற்கிறவர்தான் கணக்கு. கணினியிலும் அப்படியே. வட்டில் சும்மா கிடப்பது மென்பொருள். அதை இயக்கி, அது நினைவகத்தில் இடம் பிடித்து, வேலை செய்துகொண்டிருக்கும்போது அதற்குப் பெயர் ப்ராசஸ். நம் பாடப்புத்தகம் செயலாக்கம் என்கிறது. நான் ப்ராசஸ் என்றே எழுதுகிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் செக்ரோல் நம்பர் மாதிரி ஓர் எண் உண்டு. அதை வேலைக்கு இறக்கிவிட்ட மேஸ்திரி யார், அதாவது எந்தத் தாய் ப்ராசஸ் அதைத் தொடங்கியது என்பதும் பதிவாகியிருக்கும். எங்கெங்கே நுழையலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரம்பும் உண்டு. கொழுந்து பறிக்க வந்தவர் ஸ்டோர் ரூம் சாவியைக் கேட்கக்கூடாது அல்லவா? அதுபோல. இந்த வரம்பைக் காவல் காப்பதுதான் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் பெரிய வேலை. ஒரு ப்ராசஸின் நினைவகத்துக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்காமல் சுவர் எழுப்பி வைத்திருக்கும்.

ஓட்டை என்பது பெரும்பாலும் அந்தச் சுவரைக் கட்டியவர், அல்லது கதவு வைத்தவர், நினைத்துப் பார்க்காத ஒரு சந்தர்ப்பம். அதற்கு மேல் அதில் மாயம் எதுவும் இல்லை. இருபது பேருக்கு இடம் வைத்திருக்கிறீர்கள், இருபத்தோராவது ஆள் வருகிறார், என்ன செய்வது என்று எழுதவில்லை. அவ்வளவுதான். கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு செத்து விழுந்தன, நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது தாக்குதலே அல்ல. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பு. அவர்களே பிறகு வெளியிட்ட அறிக்கைப்படி, மென்பொருள் 20 தகவல்களை எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்தது, வந்த கோப்பு 21 ஆவதைப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தில் போய்ப் படிக்க முயன்றது, விழுந்தது. சாதாரண மென்பொருளாக இருந்திருந்தால் அது மட்டும் விழுந்திருக்கும். இது இயங்குதளத்தின் கருவறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற காவல்காரன். அதனால் வீட்டையே சாய்த்துக்கொண்டு விழுந்தான்.

அங்கே விபத்தாக நடந்ததை ஒருவன் வேண்டுமென்றே நடத்தினால் அது தாக்குதல். கூடுதலாக வருகிற அந்த இருபத்தோராவது ஆளின் கையில் தன் கட்டளையைக் கொடுத்து அனுப்புவான்.

உள்ளே வந்தவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்ற கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. கூடங்குளம்.

2019 செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீங்கு மென்பொருள் இருப்பதைக் கண்டு கழகத்துக்குத் தெரிவித்தது. நமக்குத் தெரியாது. அக்டோபர் 28 அன்று, வைரஸ் டோட்டல் தளத்தில் பதிவேற்றப்பட்டிருந்த ஒரு மாதிரி இணையத்தில் பேசுபொருளானது. அந்த நிரலுக்குள்ளேயே கூடங்குளத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரில் ஒரு நிர்வாகி கணக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதாவது ஊருக்கெல்லாம் வீசிய வலை இல்லை அது. அந்த ஒரு வீட்டை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், அந்த வீட்டுக்கென்றே செய்துகொண்ட சாவி. தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், இதைப் பற்றித் தாம் ஏற்கெனவே அரசுக்குத் தெரிவித்ததாக வெளிப்படையாக எழுதினார். மறுநாள் 29ஆம் தேதி கூடங்குளத்திலிருந்து அறிக்கை வந்தது: பொய்த்தகவல் பரப்பப்படுகிறது, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையோடு இணைக்கப்படாதவை, தாக்குதல் சாத்தியமில்லை. அதற்கு அடுத்த நாள், 30ஆம் தேதி, கழகத்தின் தலைமையகத்திலிருந்து இன்னோர் அறிக்கை: தீங்கு மென்பொருள் கண்டறியப்பட்டது உண்மைதான், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான இணைய வலையில் இருந்த ஒரு பயனாளரின் கணினி, உள் வலை தனியாக இருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை.

செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 30 வரை 56 நாட்கள். அதில் 55ஆம் நாள் "பொய்", 56ஆம் நாள் "உண்மைதான்".

உலை பாதிக்கப்படவில்லை என்று அவர்கள் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கு மாறான ஆதாரம் எதையும் யாரும் காட்டவும் இல்லை. ஆனால் வகுப்பில் ஒரு பையன் "பை திருடு போச்சா?" என்று கேட்டதற்கு "பூஜை அறை பூட்டியிருக்கு" என்று பதில் சொன்னால் அதற்கு என்ன மார்க் போடுவது? 29ஆம் தேதி அறிக்கை அந்த வகை. இதற்கிடையில் அதே அக்டோபர் 19 அன்று இரண்டாவது அலகு வேறு காரணத்துக்காக நின்றிருந்தது. நீராவி உற்பத்திக் கலனில் நீர்மட்டம் குறைந்தது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் எத்தனை கதை ஓடியது! செப்டம்பரிலேயே நான்கு வரி உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கதைகளுக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, அந்த மென்பொருள் என்ன செய்தது? அதன் பெயர் டீட்ராக். காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2019 செப்டம்பரில் அதைப் பற்றி விரிவாக எழுதியது. அதற்கு முன்பே இந்திய ஏடிஎம் இயந்திரங்களில் அட்டைத் தகவல் திருடும் ஒரு மென்பொருள் கிடைத்திருந்தது, இதுவும் அதுவும் ஒரே குடும்பம், வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவண்ணம் என்பது அவர்கள் முடிவு. அது திரட்டிய பட்டியலைப் பாருங்கள்: தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்து, உலாவியில் பார்த்த பக்கங்களின் வரலாறு, கணினியின் வலை முகவரிகள், வட்டிலுள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்கள், அப்புறம் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ப்ராசஸ்களின் பட்டியல்.

கடைசியாகச் சொன்னதில்தான் நான் நின்றுவிட்டேன். நாம் ஆண்டுக்கணக்கில் கணினி வைத்திருந்தும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத மஸ்டர் பட்டியலைத் திருடன் வந்து இறங்கியதும் எடுத்துக்கொள்கிறான். அவனுக்கு அதன் மதிப்பு தெரியும். எந்தக் காவல் மென்பொருள் விழித்திருக்கிறது, எந்த நிர்வாக மென்பொருள் ஓடுகிறது, இந்த மேசைக்காரர் என்ன வேலை பார்க்கிறவர், எல்லாமே அதில் இருக்கிறது.

இன்னும் ஒன்று செய்தது. இதுதான் தலைப்புக்குக் காரணம். டீட்ராக் தன் சொந்தப் பெயரில் மஸ்டரில் நிற்கவில்லை. விண்டோஸோடு வருகிற அசல் மென்பொருள் ஒன்றை எழுப்பும், ஆனால் ஓடவிடாமல் அந்தரத்தில் நிறுத்தி வைக்கும். அந்த ப்ராசஸின் நினைவகத்தில் தன் நிரலைத் திணித்துவிட்டு, பிறகு ஓடு என்று சொல்லும். இப்போது பட்டியலைத் திறந்தால் தெரிவது மைக்ரோசாஃப்டின் பெயர். செக்ரோலில் செல்வி என்று இருக்கிறது, நம்பர் சரியாக இருக்கிறது, செல்வியின் கூடையும் தொங்குகிறது, கூடைக்குக் கீழே இருப்பது செல்வி இல்லை. ஆங்கிலத்தில் இதற்குக் குடைந்தெடுத்தல் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். பலாப்பழத்துக்குள் சுளையை எடுத்துவிட்டுக் கல்லை வைத்து மூடிய மாதிரி.

அப்படியானால் பட்டியலைப் பார்த்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பெயரை மட்டும் பார்த்தால் பயன் குறைவுதான். நல்ல கணக்கப்பிள்ளை பெயரை மட்டும் பார்ப்பாரா? இவரை இறக்கிவிட்ட மேஸ்திரி யார் என்று பார்ப்பார். எட்டாம் நம்பர் காட்டுக்குப் போனவர் ஏன் கேட்டுக்கு வெளியே யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று பார்ப்பார். கணினியிலும் அதையேதான் பார்க்க வேண்டும். எழுத்துரு காட்டுகிற ஒரு சின்ன மென்பொருள் வெளிநாட்டு முகவரி ஒன்றோடு ஏன் பேசுகிறது? மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பைத் திறந்ததும் அது ஏன் கட்டளைத் திரை ஒன்றைப் பெற்றெடுக்கிறது? வேர்டுக்கு என்ன அப்படி ஒரு அவசரம்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் ஒழுங்காக இருக்கும்போது பட்டியல் எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகியிருக்க வேண்டும். காய்ச்சலில் நாடி பார்க்கிறவர் நல்லாயிருக்கும்போது பார்த்தவராக இருக்க வேண்டும் என்பார்கள் பாருங்கள்.

"தனித்து நிற்பவை, அதனால் சாத்தியமில்லை" என்ற வாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸில் இணையத்தோடு இணைக்கப்படாத கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள்தான் போய் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுத்தது. யுஎஸ்பி குச்சி வழியாகப் பரவுகிற திறமை அதற்கு இருந்தது. அது அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்தது இந்தியா. குறி நாம் இல்லை என்பதால் நம் கணினிகளில் சும்மா தங்கியிருந்தது. ஆகவே "இணைக்கப்படவில்லை" என்பது நல்ல பூட்டு, நிச்சயமாகத் தேவையான பூட்டு. ஆனால் "சாத்தியமில்லை" என்ற சொல்லைப் பொறியாளர்கள் 2010க்குப் பிறகு அகராதியிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் மலைக்கு எதற்கு என்கிறீர்களா? அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் கல்லூரி, குன்னூரில் தடுப்பூசி செய்கிற பாஸ்டர் நிறுவனம், அந்தப் பக்கம் பைக்காரா, குந்தா மின்நிலையங்கள். இத்தனையும் ஒரு சின்ன மாவட்டத்தில். அவற்றில் வேலை பார்க்கிறவர்களின் வீட்டுக் கணினிகளும், அவர்கள் பிள்ளைகள் விளையாட்டு இறக்குகிற கணினிகளும் இங்கேதான் இருக்கின்றன. கூடங்குளத்தில் பாதிக்கப்பட்டதும் உலைக்குப் பக்கத்தில் நின்ற கணினி அல்ல, ஒரு நிர்வாக மேசையில் இருந்தது.

உளவுக்கதையை விடுங்கள். நம் தேயிலை விவசாயியின் கதைக்கு வருவோம். பக்கத்து ஊரில் ஒரு பிரௌசிங் சென்டர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர் நடத்துகிறார். முதியோர் ஓய்வூதியம், சிட்டா, ஜாதிச் சான்றிதழ், பான் கார்டு, இ-பாஸ், எல்லாம் அங்கேதான். எஸ்டேட் பாட்டிகள் ஆதார் அட்டையையும் ரேஷன் கார்டையும் மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் கூட்டமில்லாத நேரத்தில் அவரிடம் சொன்னேன், "தம்பி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்குங்க." டாஸ்க் மேனேஜர் திறந்தது. "இதெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தா பொழப்பு நடக்குமா சார்?" என்றார் சிரித்துக்கொண்டே. கீழே உருட்டினோம். தொலைவிலிருந்து கணினியை இயக்குகிற ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. "இது என்னங்க?" "அது... பிரிண்டர் ரிப்பேருக்கு ஒருத்தர் போட்டாருங்க சார், அவர் ஊர்ல இருந்தே சரிபண்ணிக் கொடுத்தாரு." "எப்போ?" யோசித்தார். "ரெண்டு தீபாவளி ஆச்சு சார்."

இரண்டு தீபாவளியாக அந்த ப்ராசஸ் தினம் காலையில் கணினியோடு சேர்ந்து எழுந்து, மஸ்டருக்கு வந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்திருக்கிறது. கடவுச்சொல் தெரிந்த எவரும் எங்கிருந்தும் அந்தத் திரையைப் பார்க்கலாம். டெஸ்க்டாப்பில் பாட்டிகளின் ஆதார் நகல்கள் பெயர் வாரியாக அடுக்கி இருந்தன. ரிப்பேர்காரர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் அவர் கைபேசி தொலைந்தால்? அவரிடம் வேலை பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போன பையன் யோக்கியனா? அந்த மென்பொருளை நீக்கினோம், பத்து நிமிஷ வேலை. இதில் எந்த ஓட்டையும் இல்லை, எந்த ஹேக்கரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள் சொன்னபடிதான் வேலை செய்தது. யாரும் பட்டியலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணினியில் விண்டோஸும் திருட்டு விண்டோஸ்தான். அதைச் சொன்னால் பாதிப் பேர் கோபிப்பீர்கள். காசு மிச்சம் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த "ஆக்டிவேட்டர்" ஓடுவதற்கு முன்னால் என்ன கேட்கிறது? "ஆன்ட்டிவைரஸை அணைத்து வை." வீட்டுக்குள் வருகிறவன் "முதலில் நாயைக் கட்டிப்போடுங்க" என்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். அப்புறம் முறையான புதுப்பிப்பு வருமா என்பதும் சந்தேகம். 2017 மே 12 அன்று கிளம்பிய வன்னாக்ரை 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது, திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம்! அடைப்பதற்கு மண் வாசலில் கொட்டிக் கிடந்தது, யாரும் எடுத்துப் பூசவில்லை. இப்போது 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் பொதுவாக முடிந்துவிட்டது. நம் ஊர் கடைகளில் இன்னும் 7 ஓடுகிறது.

லினக்ஸ் போடலாமே என்பார்கள். போடலாம், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டுக்கு அது புதிதும் இல்லை. உமாசங்கர் எல்காட்டில் இருந்த காலத்தில் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. என் மாணவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், வலிக்கும். ஆனால் லினக்ஸ் என்றால் கண்ணை மூடித் தூங்கலாம் என்பதும் தவறு. 2024 மார்ச்சில் நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்.இசட் என்ற சிறு நிரல் தொகுப்பு லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும். அதைச் சம்பளமில்லாமல் ஒரே ஒருவர் பராமரித்து வந்தார், களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல நல்ல திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தார், பராமரிப்புப் பொறுப்பையும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியக் கதவை வைத்தார். உலகச் சேவையகங்களில் பெரும்பகுதிக்குள் நுழையக்கூடிய கதவு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று இன்றுவரை வெளிப்படவில்லை. பிடித்தது எந்த உளவுத்துறையும் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தவர். தொலைவிலிருந்து நுழைவதைக் கவனிக்கிற ப்ராசஸ் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செயலியைத் தின்கிறதே, நுழைய ஏறக்குறைய அரை நொடி அதிகம் எடுக்கிறதே என்று பார்த்தார். அரை நொடி! "நெட்வொர்க் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். போகவில்லை. தோண்டினார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். எழுதிய முழு நிரலும் பொதுவில் திறந்து கிடந்ததால் அவரால் தோண்ட முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். என் மன வருத்தம் முழுக்க அங்கேதான்.

நம் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் மோசமான புத்தகம் அல்ல. இயங்குதளம் பற்றி நான்காம் பாடம். அதில் ப்ராசஸ் மேலாண்மை, முதலில் வந்தது முதலில், சிறியது முதலில், வட்டமுறை என்று வரிசைப்படுத்தும் வழிகள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த பாடம் விண்டோஸ், லினக்ஸில் வேலை செய்வது. கணினிப் பாதுகாப்பு பதினேழாம் பாடம், கடைசிக்கு முந்தியது. வருடக் கடைசியில், திருப்புதல் தேர்வு நெருங்கும்போது, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்ற கணக்கில் ஓடும். பிள்ளை "ப்ராசஸ் மேலாண்மை: குறுவிடை தருக" என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்குகிறது. அதே பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, அதே பிள்ளை அங்கே உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரை ஒருமுறையும் திறந்ததில்லை. தவளையைப் பார்க்காமல் தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று எழுதுகிற மாதிரி.

நான்காம் பாடமும் பதினேழாம் பாடமும் ஒரே பாடம் என்பது என் வாதம். ஓடுகிற ப்ராசஸைப் பார்க்கத் தெரியாதவனுக்கு வைரஸ், வோர்ம், ட்ரோஜன் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய பேய்ப் பெயர்கள்தான். ஒரு ஆய்வக வகுப்பு போதும். பட்டியலைத் திற, பத்து ப்ராசஸ்களின் பெயரை நோட்டில் எழுது, எது எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்று கண்டுபிடி. எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்று ஒன்று பத்து இருபது முறை வரும், பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்பார்கள். அது விண்டோஸின் சேவைகளைச் சுமக்கிற வண்டி, பல இருப்பது இயல்பு. ஆனால் எழுத்து மாறி எஸ்.சி.வி.ஹோஸ்ட் என்று ஒன்று இருந்தாலோ, சிஸ்டம்32 கோப்புறையை விட்டு வேறெங்கோ இருந்து வந்தாலோ கையைத் தூக்கு. இதைச் சொல்லித் தரும் அன்றைக்குப் பிள்ளைகளின் கண்ணைப் பாருங்கள்.

ஆசிரியர் நண்பர் ஒருவர் எதிர்ப்பார். "பசங்களுக்கு ஹேக்கிங் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?" ஃபியூஸ் எப்படிப் போகிறது என்று நான் இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன், எந்த மாணவனும் ஊர் டிரான்ஸ்ஃபார்மரைக் கொளுத்தவில்லை.

அவர் பயத்தில் நியாயமும் ஒன்று உண்டு, அது சட்டம். இன்று ஒரு கல்லூரிப் பையன் அரசு இணையதளம் ஒன்றில் ஓட்டையைத் தற்செயலாகக் கண்டு தெரிவித்தால், நன்றி வருமா போலீஸ் வருமா என்பது கேட்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அனுமதியின்றி நுழைந்தவரைப் பிடிக்கின்றன. கெட்ட நோக்கம் இருந்தால்தான் 66இல் மூன்று வருடம் வரை சிறை. ஆனால் நோக்கம் நல்லது என்று நிரூபிக்கும் வரை அலைய வேண்டியது பையன்தான். நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சொல்கிறவருக்குச் சட்டத்திலேயே வெளிப்படையான காப்பு எழுத வேண்டும். இன்னொரு பக்கம், பாதிப்பு நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்ட அதே செர்ட்-இன், 2023 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. எல்லாரும் அதனிடம் சொல்ல வேண்டும், அதனிடம் நாம் கேட்கக் கூடாது. பாதுகாப்பு ரகசியங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடைத்து முடித்த ஓட்டையைப் பற்றி, எப்போது தெரிந்தது, எப்போது அடைத்தோம், யாருடைய தகவல் போனது என்று நாலு வரி சொல்வது ரகசியமா? கூடங்குளத்துக்குப் பிறகும் நாம் அதைக் கற்கவில்லை என்றே படுகிறது.

நம் இ-பாஸையே எடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து வாரநாளில் 6,000, வாரயிறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. நான் அதற்கு ஆதரவாளன், மலை தாங்காது. ஆனால் எத்தனை குடும்பங்களின் பெயர், முகவரி, வண்டி எண், எத்தனை நாள் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே தங்குகிறார்கள் என்ற விவரம் அதில் சேர்கிறது என்று யோசியுங்கள். பயணம் முடிந்து எத்தனை நாளில் அந்த விவரம் அழிக்கப்படும் என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். குறை கண்டால் சொல்ல ஒரு முகவரி, சொன்னவர் மேல் வழக்கு வராது என்று ஒரு வரி. ஊர்க்காரர்களாகிய நாம் கேட்டால் செய்யக்கூடியவைதான் இவை. மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கணினியோடு சேர்ந்து எழுகிறவை எவை என்று தொடக்கப் பட்டியலையும் பாருங்கள். புரியாத பெயர் இருந்தால் உடனே நிறுத்திவிடாதீர்கள், விண்டோஸுக்கு அவசியமானதை நிறுத்தினால் கணினி உறைந்துவிடும். முதலில் அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது, யார் வெளியிட்டது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். பின்னூட்டத்தில் படம் போடுகிறவர்கள் பட்டியலை மட்டும் வெட்டிப் போடுங்கள். போன தடவை ஒருவர் முழுத் திரையையும் போட்டார், பின்னால் அவருடைய வங்கிக் கணக்கு எண் தெரிந்தது.